பெட்ரோல் காரை வீட்டிலேயே மின்சாரக் காராக மாற்றலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தென்னந்தோப்புக்குள் 1998 மாடல் மாருதி 800 ஒன்று ஓடுகிறது. பின்சீட் கிடையாது, சைலன்சர் கிடையாது, பெட்ரோல் டாங்கி கிடையாது. இன்ஜின் இருந்த இடத்தில் ஒரு மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. நானும் என் தங்கை மகனும் ஒன்றரை வருட ஞாயிற்றுக்கிழமைகளைச் செலவழித்து மாற்றிய வண்டி. பார்க்க வருகிறவர்கள் ஏறக்குறைய ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் போனில் சொல்லி மாளவில்லை, அதனால் எழுதி வைக்கிறேன். நான் கார் மெக்கானிக் இல்லை. இருபது வருடம் பம்புசெட் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை நடத்தியவன். எனக்குத் தெரிந்த பக்கம் நீளமாகவும் மற்றது சுருக்கமாகவும்தான் இருக்கும்.

வீட்டில் வைத்தே செய்ய முடியுமா?

முடியும். இன்ஜினை இறக்க ஒரு செயின் பிளாக், வண்டியை நிறுத்த நாலு ஸ்டாண்ட், வெல்டிங் மெஷின், கேபிள் லக் அழுத்த ஹைட்ராலிக் கிரிம்பிங் கருவி, நல்ல மல்டிமீட்டர், பக்கத்தில் நம்பிக்கையான ஒரு லேத் பட்டறை. இவ்வளவு இருந்தால் போதும். ஆனால் அடுத்த கேள்வியைப் படிக்காமல் இன்ஜினைக் கழற்றாதீர்கள்.

மாற்றிய வண்டியை ரோட்டில் ஓட்டலாமா?

வீட்டில் நாமே மாற்றியதை ஓட்டக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, ஆர்சி புக்கில் இருப்பதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. பெட்ரோலிலிருந்து பாட்டரிக்கு மாற வழி இருக்கிறது. ஆனால் அது அங்கீகாரம் பெற்ற கிட் (மோட்டார், பாட்டரி எல்லாம் சேர்ந்த மாற்றுத் தொகுப்பு) மூலமாகத்தான். 2016இல் மத்திய அரசு விதிகளைத் திருத்தி இதற்கு இடம் கொடுத்தது. முழு மின்சாரக் கிட் எப்படி இருக்க வேண்டும் என்று ஏஐஎஸ்-123 என்ற தரநிலையின் மூன்றாம் பகுதி சொல்கிறது. கிட் தயாரிப்பவர் புனேயில் உள்ள ஏஆர்ஏஐ போன்ற சோதனை நிலையத்தில் அதைக் கொடுத்து, எந்தக் கார் மாடலுக்கு என்று குறிப்பிட்டு ஒப்புதல் வாங்க வேண்டும். அதை அங்கீகரிக்கப்பட்ட ஆள் பொருத்த வேண்டும். அதன் பிறகு ஆர்டிஓ ஆபீசில் வண்டியைக் காட்டினால் ஆர்சியில் எரிபொருள் மாற்றம் ஏறும், பச்சை நம்பர் பிளேட் வரும்.

அனுமதியில்லாமல் மாற்றினால் 182ஏ பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அபராதத்தைக்கூடக் கட்டிவிடலாம். ஒருவர்மேல் மோதிவிட்டால் இன்சூரன்ஸ்காரர் கேட்கும் முதல் கேள்வி, வண்டி ஆர்சியில் இருக்கிறபடி இருக்கிறதா என்பதுதான். அந்த இடத்தில் நம்மிடம் பதில் இருக்காது.

அப்படியானால் உங்கள் வண்டி?

வேலி போட்ட சொந்தத் தோப்புக்குள் மட்டும். வேலையைத் தொடங்கும் முன்பே ஆர்சியை ஒப்படைத்துப் பதிவை ரத்து செய்துவிட்டேன். இப்போது அது காரே அல்ல, தேங்காயும் உரமூட்டையும் இழுக்கிற ஒரு சாமான். கேட்டைத் தாண்டினதில்லை. "ஒரே ஒருமுறை ஊருக்குள் ஒரு ரவுண்டு போலாம் மாமா" என்று தங்கை மகன் நச்சரிப்பான். சாவி என் அரைஞாணில்.

லாபமா?

இல்லை. இதை உடைத்தே சொல்லிவிடுகிறேன். எனக்கு மூன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே ஆனது, அதில் பாதி பாட்டரிக்கு. எங்கள் இருவர் கூலியைக் கணக்கில் சேர்க்கவில்லை.

கணக்கைப் பாருங்கள். பழைய 800 ஊருக்குள் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுத்தது. 100 கிலோமீட்டருக்கு ஆறேகால் லிட்டர், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால் 625 ரூபாய். மின்சாரத்தில் அதே தூரத்துக்கு 10 யூனிட், சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் 12. யூனிட் 8 ரூபாய் என்றாலும் 100 ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆக 100 கிலோமீட்டருக்கு 525 ரூபாய் மிச்சம். போட்ட மூன்றரை லட்சத்தை எடுக்க 66,000 கிலோமீட்டருக்கு மேல் ஓட வேண்டும். என் 800 வருடத்துக்கு 5000 கிலோமீட்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. பதின்மூன்று வருடம் ஆகும். அதற்குள் பாட்டரிக்கும் வயதாகிவிடும்.

தினமும் 80, 100 கிலோமீட்டர் ஓடுகிற வண்டி, நல்ல பாடி, அங்கீகரித்த கிட் என்றால் கணக்கு வேறு மாதிரி வரலாம். மற்றவர்கள் ஆசைக்கும் படிப்புக்கும் செய்யுங்கள், சேமிப்புக்கு என்று இறங்காதீர்கள்.

எந்தக் கார் சரிப்படும்?

எடை குறைந்தது, மேனுவல் கியர், பவர் ஸ்டீயரிங் இல்லாதது, கம்ப்யூட்டர் அதிகம் இல்லாதது. இந்த நாலும் மாருதி 800இல் இருக்கிறது. என் ஆர்சியில் எடை 650 கிலோ என்று போட்டிருந்தது. 796 சிசி இன்ஜின், மூன்று சிலிண்டர், 37 குதிரைசக்தி. பாகங்கள் எந்தப் பழைய இரும்புக் கடையிலும் கிடைக்கும். பாடியில் துரு இருந்தால் வேண்டாம். அடித்தட்டு அரித்த வண்டியில் 100 கிலோ பாட்டரியைத் தொங்கவிடுவது பைத்தியக்காரத்தனம்.

நம்ம ஊர் 5 எச்பி பம்பு மோட்டாரையே போடலாமா?

இதை என்னிடம் கேட்காத விவசாயி இல்லை. நானும் ரீவைண்டிங் ஆள் என்பதால் முதலில் அதைத்தான் செய்து பார்த்தேன்.

பம்பு மோட்டார் 415 வோல்ட், மூன்று ஃபேஸ். 72 வோல்ட் பாட்டரியிலிருந்து கன்ட்ரோலர் (பாட்டரியின் டிசியை மோட்டாருக்கு ஏசியாக மாற்றும் பெட்டி) அதிகபட்சம் 51 வோல்ட் ஏசிதான் எடுத்துக் கொடுக்க முடியும் (72ஐ 1.414ஆல் வகுத்தால் வரும்). அதாவது எட்டில் ஒரு பங்கு. எனவே ஸ்டேட்டரில் (சுழலாத வெளிப்பகுதியில்) சுற்றை எட்டில் ஒரு பங்காகக் குறைத்து, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பை எட்டு மடங்காக்கிச் சுற்ற வேண்டும். அத்தனை தடித்த கம்பி ஸ்லாட்டுக்குள் வளையாது, மெல்லிய கம்பிகளைக் கற்றையாக இறக்க வேண்டும். ஒரு மோட்டாரை அப்படிச் சுற்றி மேசைமேல் ஓட்டினேன், ஓடியது. ஆனால் அது 3.7 கிலோவாட்டுக்கு வார்த்த இரும்பு. 1440 சுற்றுக்கு என்று பாலன்ஸ் செய்த ரோட்டாரை (சுழலும் உள்பகுதியை) 3500 சுற்றில் விட்டபோது மேசையே நகர ஆரம்பித்தது. அந்த ரோட்டாருக்குத் தகுந்த அளவுகளைக் கன்ட்ரோலரில் ஏற்றுவதும் பெரும்பாடு. ஒரு மாதம் போனதோடு அதை விட்டுவிட்டேன். கற்றுக்கொள்ள அருமையான வேலை, காருக்கு வேண்டாம்.

பிறகு எந்த மோட்டார் போட்டீர்கள்?

72 வோல்ட் ஏசி இண்டக்ஷன் மோட்டார். தொடர்ச்சியாக 7.5 கிலோவாட், சில நிமிடங்களுக்கு 15 தாங்கும். பழைய இன்ஜின் 27 கிலோவாட், இது பாதிதானே என்பார்கள். இன்ஜின் அந்த 27ஐக் கொடுப்பது 5000 சுற்றுக்குப் பக்கம் அலறும்போது. மோட்டார் நின்ற இடத்திலிருந்தே முழு இழுவை இழுக்கும். ஈர மண்ணில் உரமூட்டைகளோடு கிளம்பும்போது வித்தியாசம் தெரியும்.

காந்தம் வைத்த பிஎல்டிசி மோட்டாரும் போடலாம், திறன் கொஞ்சம் கூடும். இண்டக்ஷனில் காந்தம் இல்லை, பிரஷ் இல்லை, எரிந்துபோனாலும் நானே சுற்றிக்கொள்ளலாம். என் காரணம் அந்தக் கடைசி ஒன்றுதான்.

மோட்டாரைக் கியர்பாக்ஸோடு எப்படி இணைப்பது?

எல்லாரும் பாட்டரியைப் பற்றியே பேசுகிறார்கள், எங்களை அழவைத்தது இந்த இடம்தான்.

கியர்பாக்ஸை வைத்துக்கொள்வது நல்லது. 60 கிலோமீட்டர் வேகத்தில் அந்தச் சின்ன 12 இன்ச் சக்கரம் நிமிடத்துக்கு 625 சுற்றுதான் சுற்றும். மோட்டாருக்குச் சுகமான வேகம் 3000, 4000. இடையில் ஐந்தாறு மடங்கு குறைப்பு வேண்டும், மூன்றாம் கியரில் அது சரியாக அமைகிறது.

கியர்பாக்ஸின் பெல் ஹவுசிங் (இன்ஜினோடு சேரும் பக்கத்துக் கூடு) முகத்தை அட்டையில் பதித்து எடுத்து, அதன்படி 16 மில்லிமீட்டர் அலுமினியத் தகட்டில் அடாப்டர் பிளேட் வெட்டினோம். பழைய கிளட்ச் பிளேட்டின் நடுவில் இருக்கும் ஸ்ப்லைன் (உள்ளே பல் வெட்டிய துளை) பகுதியை மட்டும் அறுத்தெடுத்து, ஒரு இரும்பு ஹப்பில் பற்றவைத்து மோட்டார் ஷாஃப்டில் கீ (நழுவாமல் பிடிக்கும் இரும்புக் கட்டை) போட்டு மாட்டினோம். பார்க்க அழகாக இருந்தது. ஓட்டினால் 2000 சுற்றைத் தாண்டியதும் ஊளை. மோட்டாரைக் கழற்றி, டயல் கேஜ் வைத்துப் பார்த்தால் ஹப்பில் 0.3 மில்லிமீட்டர் ஆட்டம். பற்றவைத்த சூட்டில் ஹப் கோணியிருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு லேத் பட்டறையில் வயதான டர்னர் ஒருவர் அதைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முதல்ல பத்த வைங்க, அப்புறம் துளை போடுங்க. நீங்க தலைகீழாப் பண்ணியிருக்கீங்க" என்றார். அவர் சொன்னபடி புது ஹப். பற்றவைத்து, ஆறவிட்டு, ஸ்ப்லைனை ஆதாரமாகப் பிடித்துக்கொண்டு துளை போட்டார். ஆட்டம் 0.05க்குள் வந்தது. ஊளை போயேபோச்சு.

அட்டையில் போல்ட் துளைகளின் இடம் மட்டும்தான் வரும். மையத்தைப் பிடிப்பவை டவல் பின்கள் (இரு பாகங்களை இடம் பிசகாமல் நிறுத்தும் இரும்புக் குச்சிகள்). அவற்றை விட்டுவிட்டு போல்டை நம்பி மாட்டினால் கியர்பாக்ஸின் முன் பேரிங் சீக்கிரம் போய்விடும்.

கிளட்ச் வேண்டாமா?

வேண்டியதில்லை. மோட்டார் ஐடிலில் ஓடுவதில்லை, நிற்கும்போது நின்றுவிடும். நிறுத்திவிட்டுக் கியர் மாற்றலாம். தோப்புக்குள் நான் இரண்டாம் கியரை விட்டு எடுப்பதே இல்லை.

பாட்டரி எது, எவ்வளவு?

லித்தியம் அயர்ன் பாஸ்பேட், எல்எஃப்பி என்பார்கள். ஒரு செல் 3.2 வோல்ட். செங்கல் மாதிரி இருக்கும் 200 ஆம்பியர்-மணி செல்கள் 24ஐ வரிசையாக இணைத்திருக்கிறேன். 76.8 வோல்ட், 15 யூனிட்டுக்குச் சற்று மேல். செல் மட்டும் 100 கிலோ வரும்.

ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் சக்தி இருக்கிறது. அதாவது நான் மொத்தச் செலவில் பாதியைக் கொட்டி வாங்கிய அந்த 100 கிலோ, இரண்டு லிட்டர் பெட்ரோலுக்குக்கூடச் சமம் இல்லை. இன்ஜின் அதில் முக்கால்வாசிக்கு மேல் சூடாக வீணடிக்கிறது, மோட்டார் வீணடிப்பதில்லை என்பதால்தான் இந்த வண்டியே ஓடுகிறது.

செல் வாங்கும்போது எச்சரிக்கை. முதலில் வந்த பார்சலில் எல்லாமே புதிது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் முழுக்கச் சார்ஜ் ஏற்றி, முழுக்க இறக்கி, வெளியே வந்த ஆம்பியர்-மணியை எழுதினோம். ஐந்து செல்கள் 160ஐத் தாண்டவில்லை. வரிசை இணைப்பில் பலவீனமான செல் எதுவோ அதன் அளவுதான் முழுப் பெட்டியின் அளவு. ஒன்று 160 என்றால் மற்ற 23இல் இருக்கும் 40 வீண். திருப்பி அனுப்பி மாற்றி வாங்கவே இரண்டு மாதம் போனது.

அடுத்தது சமப்படுத்துவது. எல்எஃப்பி செல்லின் வோல்டேஜ் நடுவில் அசையவே அசையாது. கால்வாசி இருந்தாலும் முக்கால்வாசி இருந்தாலும் 3.2, 3.3 என்று அப்பாவி மாதிரி நிற்கும், கடைசியில் மட்டும் சடாரென்று ஏறும். ஆகவே மேல்முனையில் வைத்துத்தான் எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். முதலில் வரிசையாக இணைத்து, பிஎம்எஸ் (ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் கண்காணிக்கும் பலகை) காவலில், ஏதாவது ஒரு செல் 3.65 தொடும்வரை ஏற்றினோம். பிறகு பிரித்து 24ஐயும் பக்கவாட்டில் (பாரலலாக) இணைத்து, 3.65 வோல்டில் நிலையாக நிறுத்திய பவர் சப்ளையில் மூன்று நாள் விட்டோம். முதல் படியைத் தாண்டிக் குதித்து நேராகப் பக்கவாட்டில் இணைத்தால் என்ன ஆகும்? மொத்தம் 4800 ஆம்பியர்-மணி. பாதி காலியாக இருந்தால், 10 ஆம்பியர் சப்ளைக்குப் பத்து நாள்.

அதே காரணத்தால் டேஷ்போர்டில் வோல்ட் மீட்டரை வைத்து எவ்வளவு மிச்சம் என்று பார்க்க முடியாது. ஷண்ட் (ஓடும் கரண்டை அளக்க உதவும் சின்ன மின்தடை) வைத்த ஆம்பியர்-மணி மீட்டர் வேண்டும்.

ஆசிட் பாட்டரி மலிவாயிற்றே?

எடை. 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஒன்றே 30 கிலோ. அதிலும் பாதிக்குமேல் இறக்கினால் சீக்கிரம் செத்துவிடும். நம் பக்கத்துக்கே பழைய பாடம் இருக்கிறது. லவ்பேர்ட் என்று ஒரு இரண்டு சீட் மின்சாரக் கார், 1993இல் டெல்லி ஆட்டோ எக்ஸ்போவில் காட்டினார்கள், கேரளத்திலும் கோயம்புத்தூரிலும் தயாரானது. ஆசிட் பாட்டரி, மேடு ஏறத் திணறல், ஊர் பூராவும் கரண்ட் கட். விற்கவில்லை. 2001இல் பெங்களூரில் வந்த ரேவாவும் முதலில் ஆசிட் பாட்டரிதான்.

ஒருமுறை சார்ஜ் போட்டால் எத்தனை கிலோமீட்டர்?

தோப்பு மண் பாதையில், சுமையோடு, கிலோமீட்டருக்கு 100 வாட்-மணிக்குப் பக்கம் குடிக்கிறது. 15 யூனிட்டில் 12ஐ மட்டும் பயன்படுத்துகிறேன், ஆக 120 கிலோமீட்டர். எனக்கு அது பத்து நாள் வேலை.

தார் ரோட்டுக்கு நீங்களே கணக்குப் போடலாம். டயர் உருளும் எதிர்ப்பு வேகத்தோடு பெரிதாக மாறாது. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியில் ஏறும். ஆள் ஏறிய 800க்கு ஏறக்குறைய 60 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டும் சமமாகிறது. அதற்குமேல் காற்றுதான் பாட்டரியைக் காலி செய்யும். 120 ஓடும் என்று விற்கிறவர் எந்த வேகத்தில் என்று சொல்லவில்லை என்றால் கேளுங்கள்.

ஓடும்போதே ஆல்டர்னேட்டர் வைத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டே போகலாமே?

முடியாது. சக்கரத்தில் ஆல்டர்னேட்டர் மாட்டினால் அது சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். அந்த இழுப்பை ஈடுகட்ட மோட்டார் பாட்டரியிலிருந்து கூடுதலாக எடுக்கும், எடுத்ததைவிடக் குறைவாகத்தான் திரும்பி வரும். கிணற்றிலிருந்து இறைத்த தண்ணீரை அதே கிணற்றில் விட்டுக்கொண்டே பயிருக்கும் பாய்ச்சுவேன் என்கிற கதை. இதைச் சொன்னதும் பெரும்பாலானவர்கள் தலையாட்டிவிட்டு, "அப்போ ரெண்டு ஆல்டர்னேட்டர் வெச்சா?" என்று கேட்கிறார்கள்.

பிரேக் பிடிக்கும்போதும் இறக்கத்திலும் கொஞ்சம் திரும்ப வரும், அது வேறு. அந்த வேலையை மோட்டாரே செய்துவிடுகிறது. பாட்டரி நிறைந்திருக்கும்போது மட்டும் அதைக் குறைத்து வைக்க வேண்டும், ஏற்ற இடம் இருக்காது.

எடையை எப்படிச் சரிபார்த்தீர்கள்?

கொப்பரைக் களத்திலிருந்து பிளாட்பார்ம் தராசு ஒன்றை இரவல் வாங்கினோம். ஒரு சக்கரத்தைத் தராசில் ஏற்றி, மற்ற மூன்றுக்கும் கீழே தராசின் உயரத்துக்கே பலகை அடுக்கி, நாலு சக்கரத்துக்கும் நாலு தடவை. பலகை உயரம் ஒரு இன்ச் தப்பினாலும் கணக்கு பொய்யாகிவிடும். மாற்றும் முன்பு முன்னால் 400, பின்னால் 250. இன்ஜின், ரேடியேட்டர், டாங்கி, சைலன்சர், பின்சீட் எல்லாம் போய், மோட்டாரும் பாட்டரியும் வந்தபின் முன்னால் 380, பின்னால் 300. பின் ஸ்பிரிங்கை மாற்ற வேண்டியதாயிற்று. செல்களில் 10 முன்னால், 14 பின்னால் என்று பிரித்ததே இந்தத் தராசு சொல்லித்தான்.

பிரேக்?

பலர் மறந்துவிடும் இடம். பூஸ்டர் உள்ள வண்டியில் பிரேக் மிதிப்பதை இலகுவாக்குவது இன்ஜினின் உறிஞ்சல். இன்ஜின் போனால் உறிஞ்சலும் போகும், பெடல் கல்லாகிவிடும். 12 வோல்ட் வாக்குவம் பம்ப் ஒன்று, ஒரு சின்ன டாங்கி, உறிஞ்சல் குறைந்தால் பம்ப்பை ஓட்டும் சுவிட்ச். வண்டியை முதல்முறை நகர்த்தும் முன்பே இதை முடித்துவிடுங்கள்.

ஷாக் அடிக்குமா? என்னென்ன ஆபத்து?

முழுச் சார்ஜில் என் பெட்டி 87 வோல்ட். டிசியில் 60 வோல்டைத் தாண்டினாலே ஆபத்தான வோல்டேஜ் என்றுதான் வாகனத் தரநிலைகள் கணக்கு வைக்கின்றன. வியர்த்த கையோடு தொட்டால் நிச்சயம் அடிக்கும். ஆனால் ஷாக்கைவிட நான் பயப்படுவது ஷார்ட்டுக்கு. ஒரு நாள் தங்கை மகன் பஸ்பார் (செல்களை இணைக்கும் உலோகப் பட்டை) நட்டை முறுக்கும்போது ஸ்பேனரின் மறுமுனை பக்கத்து முனையைத் தொட்டது. ஒரு வெளிச்சம், 'டப்' என்று ஒரு சத்தம். கை எடுத்துப் பார்த்தால் ஸ்பேனர் வாயில் பட்டாணி அளவுக்கு இரும்பைக் காணோம். அத்தனைக்கும் அது ஒரே ஒரு செல், மூன்றே வோல்ட். அன்றைக்கே எல்லா ஸ்பேனருக்கும் வாயை மட்டும் விட்டுவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றினோம். மோதிரம், காப்பு, வெள்ளி அரைஞாண் எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பது. சாவி அரைஞாணில் என்று மேலே சொன்னேனே, அது கயிறு.

வீட்டு எம்சிபியையோ ஏசி சுவிட்சையோ பாட்டரிக்குப் போடாதீர்கள். ஏசி கரண்ட் வினாடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டுவிட்டுப் போவதால் சுவிட்ச் பிரியும்போது வரும் நெருப்புப்பொறி தானாக அணையும். டிசி பூஜ்யத்துக்கு வருவதே இல்லை, பொறி அணையாமல் சுவிட்சையே உருக்கிவிடும். டிசிக்கென்று மதிப்பிட்ட ஃபியூசும் கான்டாக்டரும்தான் (பெரிய கரண்டை இணைத்துப் பிரிக்கும் மின்சுவிட்ச்) வேண்டும். கான்டாக்டருக்கு இணையாக ஒரு ரெசிஸ்டரும் வேண்டும். கன்ட்ரோலருக்குள் இருக்கும் பெரிய கெபாசிட்டர்களை இரண்டு வினாடி அது மெதுவாக நிரப்பிய பிறகே கான்டாக்டர் மூட வேண்டும். நேரே மூடினால் முனைகள் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய கான்டாக்டரை சாவி அணைக்காது.

ஆக்சிலரேட்டர் விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முதல்முறை மின்சாரம் கொடுத்தபோது யாரும் பெடலைத் தொடவில்லை. முன்சக்கரங்கள் இரண்டும் முழு வேகத்தில் சுற்ற ஆரம்பித்தன. பெடல் எவ்வளவு மிதிபட்டது என்று சொல்லும் பொட்டென்ஷியோமீட்டரின் எர்த் ஒயர் கழன்றிருக்கிறது. அது கழன்றால் கன்ட்ரோலருக்கு முழுமிதி என்று தோன்றும். வண்டி ஸ்டாண்டில் நின்றதால் பட்டறைச் சுவர் தப்பித்தது. இப்போது இரண்டு சிக்னல் கொடுக்கும் பெடல் போட்டிருக்கிறோம், இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் மோட்டார் ஓடாது. டேஷ்போர்டில் சிவப்புப் பட்டன் ஒன்று, அடித்தால் கான்டாக்டர் பிரியும்.

பழைய பெட்ரோல் டாங்கியைப் பற்றி ஒரு வார்த்தை. காலி டாங்கியில் வெல்டிங்கோ கட்டிங்கோ வைக்கவே கூடாது. பெட்ரோல் நிறைந்த டாங்கியைவிட ஆவி நிறைந்த காலி டாங்கிதான் வெடிக்கும்.

தீப்பிடிக்குமா?

எல்எஃப்பி மற்ற லித்தியம் வகைகளைவிடச் சாது. சாது மிரண்டால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். பெட்டி இரும்பில், உள்ளே எபாக்சி தகடு ஒட்டி, ஆள் உட்காரும் இடத்திலிருந்து பிரித்து, புகை வெளியே போக வழி விட்டு. லூசான பஸ்பார் நட்டுதான் பெரும்பாலும் சூட்டின் ஆரம்பம். மாதம் ஒருமுறை சுமையோடு ஓட்டிவிட்டு இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரில் ஒவ்வொரு முனையாகப் பார்க்கிறேன். ஒன்று மட்டும் பத்து டிகிரி கூட இருந்தால் கழற்றித் தேய்த்து மாட்டுவேன்.

வீட்டு கரண்டில் சார்ஜ் போடலாமா?

15 ஆம்பியர் பிளக் பாயின்ட் போதும், எர்த் ஒழுங்காக இருக்க வேண்டும். எனது சார்ஜர் 2.5 கிலோவாட், காலியிலிருந்து நிறைய ஆறு மணி நேரம். எக்ஸ்டென்ஷன் பாக்சில் போடாதீர்கள், உருகும்.

தோப்பு மோட்டாருக்கு வரும் இலவச கரண்டில் போட்டால் என்ன?

போடக் கூடாது. அது பாசனத்துக்கு மட்டும் கொடுத்த இணைப்பு. பிடித்தால் கார் செலவைவிட அபராதம் பெரிதாகும், இணைப்பும் போகும். நான் வீட்டு மீட்டரில்தான் போடுகிறேன். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசத்தில் பெரும்பகுதியை இந்த வண்டியே தின்கிறது என்று வீட்டில் எனக்குக் கெட்ட பெயர்.

ஏசி, லைட், ஹார்ன்?

லைட், ஹார்ன், வைப்பர் எல்லாம் பழைய 12 வோல்டிலேயே. ஆல்டர்னேட்டர் இடத்தில், பெரிய பாட்டரியின் வோல்டேஜை 12ஆகக் குறைத்துக் கொடுக்கும் டிசி-டிசி கன்வெர்ட்டர். ஏசிக்குத் தனி மின்சாரக் கம்ப்ரசர் வேண்டும், நான் போடவில்லை. தோப்பில் காற்றுக்குப் பஞ்சமில்லை.

மழையில்?

கன்ட்ரோலரை உயரத்தில் மாட்டுங்கள். வாய்க்காலை மெதுவாகக் கடந்திருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லை. எனக்கு மழையைவிடத் தொல்லை எலி. கேபிள்மேல் இருக்கும் ஆரஞ்சு ஸ்லீவ் என்றால் அதற்கு என்ன ருசியோ. கேபிள்களை இப்போது ஜிஐ பைப்புக்குள் விட்டிருக்கிறேன்.

பழைய இன்ஜினை என்ன செய்தீர்கள்?

மாருதி ஆம்னியிலும் அதே 796 சிசி இன்ஜின்தான். உடுமலைப் பக்கம் ஒருவர் தன் ஆம்னிக்கு வாங்கிக்கொண்டு போனார். போன மாதம் தேங்காய் ஏற்ற அந்த ஆம்னியிலேயே தோப்புக்கு வந்திருந்தார். கேட்டுக்கு வெளியே திரும்பும்போதே சத்தத்தில் கண்டுபிடித்துவிட்டேன், இரண்டாவது சிலிண்டரில் அந்தத் தட்டல் இன்னும் இருக்கிறது.